உட்காராத அக்கா

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் காலைப் பேருந்தில் சனிக்கிழமைகளில் கூட்டம் இருக்காது. பாதி இருக்கைகள் காலியாகவே போகும். அந்தப் பேருந்தின் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி ஒருத்தி நின்றுகொண்டே வந்தால் நடத்துநருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

“ஏம்மா, இவ்ளோ சீட்டு காலியா கெடக்குதே. உக்காரேன்.”

“நீ நின்னுக்கிட்டுதானே டிக்கெட்டு கிழிக்கிற? உன்னை நான் உக்காருன்னு சொன்னேனா?”

நடத்துநர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பாள். பெரிய முதலியார்சாவடியில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அவள் போவாள். பாண்டிச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் அப்போதுதான் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்த நான் வேலைக்குப் போவேன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவளுடையது. எனக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்து நாலு இருக்கும்.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், “என் இடுப்பைப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதிட்டியாடி?” என்று போன் போட்டுப் பிடித்துக்கொள்வாள். நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அவள் திட்டினால் பதில் பேசும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

அவள் எங்கேயும் உட்காரமாட்டாள். இதை ஊரில் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். எங்கள் கோயில் ஃபாதர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். ஞாயிறு பூசையில் அவள் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் தூணில் கை வைத்து நிற்பாள். வாசகம் படிக்கும்போது எல்லோரும் உட்கார்ந்தால் அவள் மட்டும் நிற்பாள். பிரசங்கம் நாற்பது நிமிஷம் போனாலும் நிற்பாள். ஒரு தவக்காலத்தில் ஃபாதர் பிரசங்கத்துக்கு நடுவே பின்னால் கை காட்டி, “அதோ பாருங்க, ஆண்டவர் முன்னால உக்காரக்கூடாதுன்னு நினைக்கிற ஒரு தாய்” என்று சொல்லிவிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டேன், “ஏங்க்கா, ஃபாதர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்ல?”

“இன்னான்னு சொல்லச் சொல்ற? உக்காந்தா என்னைத் தூக்க ரெண்டாளு வேணும், நின்னா நான் ஒருத்தியே போதும்னா? பாவம், அவரு எவ்ளோ ஆசையா சொல்லிட்டாரு.”

அவளுடைய நாத்தனார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நாத்தனார் மகளைப் பெண் பார்க்க வானூரிலிருந்து வந்திருந்தார்கள். கூடம் நிறைய நாற்காலி. அக்கா சுவரோரம் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, “நீங்களும் உக்காருங்க, நீங்க நிக்கும்போது நாங்க எப்படிக் காபி குடிக்கிறது?” என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். மறுக்க முடியாமல் அக்கா உட்கார்ந்தாள். பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. எல்லோரும் கிளம்ப எழுந்தபோது அவளால் எழ முடியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து உந்தினாள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கி, அவளும் நாற்காலியும் காபித் தட்டுமாகத் தரையில் சரிந்தார்கள். சம்பந்தம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால், “நல்ல காரியத்துல வேணும்னே விழுந்தா” என்று நாத்தனார் ஆறு மாசம் அவளோடு பேசவில்லை.

எங்கள் தெருக்காரர்கள் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் அக்கா எழுந்துவிடுவாள். தன் வாசலைக் கூட்டுவாள். பிறகு பக்கத்து வாசல், எதிர் வாசல், எங்கள் வாசல் என்று ஐந்தாறு வீட்டு வாசலைக் கூட்டிவிடுவாள். ஆரம்பத்தில் குனிந்த வாக்கில், சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பாள். மூன்றாவது வாசலுக்கு வரும்போது இடுப்பு கொஞ்சம் இளகும். ஆறாவது வாசல் முடிந்து துடைப்பத்தைத் தட்டும்போது நிமிர்ந்திருப்பாள். என் அம்மா படுக்கையிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டு, “கை சும்மா இருக்காத மகராசி” என்பாள். பிற்காலத்தில் அக்காவே சொன்னாள், “உங்க வாசலு சுத்தமாவணும்னு இன்னா எனக்குத் தலையெழுத்து? படுக்க முடியலடி. படுத்தா இடுப்புல யாரோ ஆணி வெச்சு அடிக்கிற மாதிரி இருக்கும்.”

இந்த வலி அவளுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அதற்கு முதுகில் ஊசி போட்டார்கள். அதனால் எட்டு வருஷமாக அந்த ஊசியின் மேல்தான் பழி. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு முதுகு வலித்தாலும் முதல் குற்றவாளி அந்த ஊசிதான். இந்த எட்டு வருஷத்தில் மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று தடவையும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் வலி என்ற வார்த்தையை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், உப்பு மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர், கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மூன்று டாக்டர்கள் ஒண்ணுமில்லை என்று சொன்ன பிறகு அவரும்தான் எதை நம்புவார்? “படம் புடிச்சாச்சு, இல்லன்னுட்டாங்க. நீயா மனசுல வெச்சுக்கிட்டா நான் இன்னா பண்றது?” என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தடவையே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அக்கா உப்பளத்தில் வேலை பார்த்தாள். தையிலிருந்து புரட்டாசி வரை பாத்தியில் பலகை போட்டு உப்பை வாரி வரப்பில் ஏற்றும் வேலை. அங்கே எல்லாப் பெண்களுக்கும் இடுப்பு நோகும். காலில் உப்புப் புண் வேறு. ஐப்பசியில் மழை இறங்கி அளத்தை மூடியதும் எல்லோரும் அப்பாடா என்று வீட்டில் கிடப்பார்கள். ரெண்டு வாரத்தில் அவர்கள் இடுப்பு தேறிவிடும். அக்காவுக்குக் கதை தலைகீழ். வெயிலில் நாள் முழுக்க உப்பு வாரும் மாசங்களில் ஓரளவு நன்றாக இருப்பாள். மழை வந்து வேலை நின்றதும்தான் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கூட வேலை செய்கிறவர்கள், “உனக்கு உடம்பு உப்புக்குன்னே பொறந்ததுடி” என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதில் ஒரு முக்கியமான சேதி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மழை நாள் வரைக்கும் எனக்கும் தோன்றவில்லை.

அன்று சனிக்கிழமை இல்லை. பேருந்தில் கூட்டம். எனக்கு இடம் கிடைத்திருந்தது. அக்கா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு ஃபைல். மழைத்தண்ணீர் ஜன்னல் இடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. ஃபைலை நனையாமல் என் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள்.

“எங்கக்கா போறீங்க?”

“டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும்டி. செவ்வாக்கிழம ஆபரேஷன்.”

“இன்னா ஆபரேஷன்?”

கூட்டத்தில் குனிந்து என் காதில் சொன்னாள். “கர்ப்பப்பைய எடுக்கப் போறாங்க. இடுப்பு வலி அதனாலதானாம். நாத்தனா கூட்டிம்போச்சு. அதுக்கும் எடுத்தாங்கல்ல, அதுக்கு வலி போயிடுச்சாம்.”

ஆறு மாசம் பேசாமல் இருந்த அதே நாத்தனார்தான், மனசு கேட்காமல் வலிய வந்து, தனக்குத் தெரிந்த நர்சிங் ஹோமுக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஃபைலைத் திறந்து பார்த்தேன். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. கர்ப்பப்பையில் சொல்லும்படியாக எதுவுமே எழுதியிருக்கவில்லை.

எங்கள் சென்டரில் ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. இடுப்பு வலி என்று யார் வந்தாலும், மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் என்னை விட்டு ஒரு கேள்வி கேட்கச் சொல்வார். வலி வேலை செய்தால் கூடுகிறதா, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? அந்த ஒரு வருஷத்தில் நூறு பேரிடமாவது அதைக் கேட்டிருப்பேன். கிட்டத்தட்ட எல்லோரும் வேலை செய்தால்தான் என்பார்கள். ஓய்வில் கூடினால் அது வேறு வியாதி, மூட்டைப் பார்க்கணும் என்பார் மேடம். என் தெருவில், என் வாசலையே கூட்டுகிறவளிடம் மட்டும் அதைக் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குப் பதில் தெரிந்திருந்தது என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

“அக்கா, இந்த ஆபரேஷன ஒரு வாரம் தள்ளிப் போடுங்க.”

“விளையாடாத. நாத்தனா அங்க வந்து காத்துனு இருக்கும்.”

“நான் டாக்டர் இல்லக்கா. நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம். ஆனா எடுத்ததைத் திரும்ப வெக்க முடியாதுல்ல?”

கோட்டக்குப்பம் தாண்டும் வரைக்கும் அவள் மழையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்சிங் ஹோம் இருக்கும் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். சரி, நம் பேச்சு எடுபடவில்லை என்று நான் வேலைக்குப் போனேன். மத்தியானம் சென்டர் வாசலில் வந்து நின்றாள்.

“ரத்தம் எடுக்க வந்த நர்சுகிட்ட ஜுரம்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன். நாத்தனாகிட்ட பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரே நாள்ல ரெண்டு பொய்யி. உன் பேச்சக் கேட்டு வந்திருக்கேன், பாத்துக்க.”

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் சொன்ன மூட்டு வாத டாக்டரிடம் அடுத்த நாளே மாமாவும் நானுமாக அவளைக் கூட்டிப்போனோம். வயதானவர், அதிகம் பேசாதவர். குனியச் சொல்லி முதுகில் டேப் வைத்து அளந்தார். இடுப்புக்குக் கீழே, முதுகில் குழி விழும் இரண்டு இடங்களையும் கட்டைவிரலால் அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்தாள்.

“காலையில எழுந்தா எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கும்?”

“வெயிலு ஏர்ற வரைக்கும்ங்க.”

“கண்ணு எப்பவாவது சிவந்து, வலிச்சு, வெளிச்சம் பார்க்க முடியாமப் போயிருக்கா?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கண் ரத்தமாகச் சிவந்து பத்து நாள் இருட்டறையில் கிடந்தாள். உப்பு வெள்ளை கண்ணைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். இடுப்பு வலிக்குப் போன இடத்தில் ஒருவர் கண்ணைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். “இவரு ஜோசியரு மாதிரி கேக்குறாருடி” என்று வெளியே வந்து சொன்னாள். அவர் எழுதிக் கொடுத்தது இடுப்பு மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ.

எந்த மெஷினில் நான் தினமும் வேலை செய்கிறேனோ அதில் அக்காவைப் படுக்க வைப்பது எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் அரை மணி நேரம், மல்லாந்து, அசையாமல் படுக்க வேண்டும். அவளோ மல்லாந்து படுத்தே பல வருஷமாகியிருந்தது. தாலிச் செயின், மெட்டி, கொண்டை ஊசிகள், ரவிக்கையில் மூன்று ஊக்கு, புடவையில் நாலு ஊக்கு, எல்லாவற்றையும் கழற்றி மாமா கையில் கொடுத்தோம். “என்னையே பிரிச்சு உன்கிட்ட குடுத்துட்டாங்க, பத்திரமா வெச்சிரு” என்றாள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, காதில் சத்தம் அடைக்கும் ஹெட்போன் மாட்டி, கையில் அழுத்தினால் மணி அடிக்கும் பந்தைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன்.

ஏழு நிமிஷத்தில் மணி அடித்தது. திரையில் வந்த படம் கலங்கியிருந்தது. உள்ளே போய் மேஜையை வெளியே இழுத்தேன். அவள் முகம் வியர்த்திருந்தது.

“அசையாதேன்னா எப்படிடி? அசையலன்னா செத்துப்போவேன் போல இருக்குது.”

மேடம் வந்து பார்த்தார். கண்டிப்பானவர், நேரம் தவறினால் கத்துவார். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். ஆனால் அன்று, “அவங்க கொஞ்ச நேரம் நடந்துட்டு வரட்டும். வந்ததும் முக்கியமான படத்தை முதல்ல எடு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். அக்கா ஸ்கேன் சென்டர் நீல கவுனில், தலை அவிழ்ந்து, அந்த நீள வராந்தாவில் கால் மணி நேரம் மேலும் கீழும் நடந்தாள். காத்திருந்தவர்களிடம், “மன்னிச்சுக்குங்க, என்னால உங்களுக்கும் லேட்டு” என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

திரும்பி வந்து கேட்டாள், “ஒரு படம் எவ்ளோ நேரம்?”

“நாலு நிமிஷம்க்கா.”

“அப்ப ஜெபமாலையில ஒரு பத்து மணி. சரி, போலாம்.”

இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேமராவில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம் போட்டது. அவள் உதடுகூட அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணோரம் தண்ணீர் திரண்டு, நெற்றிப்பொட்டு வழியாக இறங்கி, ஹெட்போனுக்குள் போயிற்று. இரண்டு பக்கமும். துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கவே இல்லை. மைக்கில் ஏதாவது சொல்லலாம் என்று பொத்தானில் விரல் வைத்தேன். சொன்னால் அழுதுவிடுவேன் என்று எடுத்துவிட்டேன்.

முதல் படம் திரையில் வந்தது. எலும்பு எல்லாம் கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய படம் அது. முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் இரண்டு மூட்டுகளிலும், மூட்டுக் கோட்டின் இரண்டு கரையிலும், திட்டுத் திட்டாக வெள்ளை. இடது பக்கம் அதிகம். நான் படித்தவள், பார்த்துப் பழகியவள். ஆனாலும் ஒரு நிமிஷம் அது அழுக்கோ, மெஷின் கோளாறோ என்று பார்த்தேன். இல்லை. எட்டு வருஷமாக ஒண்ணுமில்லை என்று சொல்லப்பட்ட இடம் அது.

எல்லாப் படமும் முடிந்து அவளை வெளியே எடுத்தபோது, மேஜையிலிருந்து எழாமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சத்தத்துல கணக்கு தப்பிப்போச்சுடி. ஒரு பத்துல பதினாலு மரியே வாழ்க சொல்லிட்டேன் போல.” அப்புறம் குரலை இறக்கினாள். “சொல்லு. இருக்குதா?”

“டாக்டர் சொல்லுவாங்கக்கா.” எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அதுதான். நோயாளியிடம் வேறு எதுவும் சொல்லக்கூடாது.

“நீ எதுவும் சொல்ல வேணாம். ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிடாத. இன்னொரு தடவ அதைக் கேட்டா தாங்க மாட்டேன்.”

தலையை மட்டும் ஆட்டினேன். இருக்கிறது என்று.

அக்கா சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வாய்விட்டு. “இருக்குதா! இருக்குதுடி!” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெளியே காத்திருந்த ஒரு அம்மா என்னிடம், “அவங்களுக்கு நல்ல ரிசல்ட்டா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மேடம் வழக்கத்துக்கு மாறாக அக்காவையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். “எலும்பு கெட்டுப்போனப்புறம்தான் எக்ஸ்ரேல தெரியும். இதுல அது கெடும்போதே தெரியும். இந்த வெள்ளையெல்லாம் வீக்கம். உங்க உடம்பே உங்க மூட்டைத் தாக்கிக்கிட்டு இருக்கு. ஊசியாலயும் இல்ல, கர்ப்பப்பையாலயும் இல்ல.”

அக்கா கிட்டப் போய்ப் பார்த்தாள். “உள்ள யாரோ லைட்டு போட்டுட்டு அணைக்காம விட்டுட்ட மாதிரி இருக்குது.”

மாமா கையில் அவளுடைய தாலிச் செயினும் மெட்டியும் ஊக்குகளும் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார், “இதோடயா எட்டு வருஷமா உப்பு வாரின?”

“உப்பு வாரினதாலதான் இருந்தேன்” என்றாள்.

அவர் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல், “நான் ஒரு தடவ ஒண்ணு சொல்லிட்டேம்மா அவகிட்ட” என்று மட்டும் சொன்னார்.

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. இடது மூட்டில் எலும்பின் ஓரம் கொஞ்சம் அரித்துவிட்டது, அது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத்தைக் காப்பாற்றலாம், மாத்திரையும் உடற்பயிற்சியும் விடவே கூடாது என்றார். நோயின் பெயர் நீளமானது. அக்காவின் வாயில் அது நுழையவில்லை. “என்னோட வெள்ள” என்றுதான் சொல்வாள். நாத்தனாரிடம் மாமாவே போய்ப் பேசினார். நாத்தனார் கோபித்துக்கொண்டு, பிறகு அழுது, பிறகு ஒரு டஜன் முட்டையோடு வந்தார். வரப்பில் மாமாவும் அக்காவும் எதிரெதிரே நின்று கையைத் தூக்கி இடுப்பை வளைத்துப் பயிற்சி செய்வதை உப்பளத்துப் பெண்கள் கூட்டமாக நின்று பார்த்துச் சிரித்தார்கள். மூன்று மாசத்தில் அக்கா ஆறு மணி வரைக்கும் தூங்கினாள். எங்கள் தெரு வாசல்கள் குப்பையாகக் கிடந்தன. “இன்னாச்சு மகராசிக்கு?” என்று என் அம்மா அலுத்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இது எதுவும் இல்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போன அன்று, அவர் எழுதிக்கொண்டே கேட்டார், “உங்க அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க யாருக்காவது இப்படி இருந்ததா?”

“யாருக்கும் இல்லைங்க” என்றாள் அக்கா, கேள்வி முடிவதற்குள்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. காலையிலிருந்து தூறல். என் அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பினால், மதில் ஓரத்தில் அக்கா தனியாக நின்றாள். அது அவள் அம்மாவின் கல்லறை. அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது இறந்தவர். எனக்கு அவரை நினைவில்லை. கையால் கூப்பிட்டாள்.

“டாக்டருகிட்ட பொய் சொல்லிட்டேன்டி.”

நான் குடையோடு பக்கத்தில் போய் நின்றேன்.

“எங்கம்மா குனிஞ்சேதான் நடப்பாங்க. இடுப்புல மடிஞ்சு, தரையைப் பாத்துனே. எதனா தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி. தெருவுல பசங்க, இன்னா தேடுற, நாங்களும் தேடட்டுமான்னு பின்னாடியே போவானுங்க. எனக்கு அவ்ளோ வெக்கம். ஸ்கூலுக்குச் சோறு எடுத்தாருவாங்க. கேட்டுலேயே வெச்சிட்டுப் போயிடும்மான்னு சொல்லிடுவேன். என் ஃப்ரெண்டுங்க பாக்கக்கூடாதுன்னு. ஒரு நாளு எல்லார் எதிரவும் கத்திட்டேன். நிமிந்து நடம்மா, வேணும்னேதான இப்படி நடக்கிறன்னு.”

“அவங்க இன்னா சொன்னாங்கக்கா?”

“சிரிச்சாங்க. சாப்ட்டுட்டு டப்பாவ மறக்காம எடுத்துனு வான்னு சொல்லிட்டுப் போனாங்க.”

தூறல் வலுத்தது. சுற்றிலும் ஆட்கள் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஸ்கேன் மேஜையிலிருந்து பார்த்தது போலவே.

“நீ படமெல்லாம் பாக்குறவ. சொல்லு. வலிச்சிருக்குமா அவங்களுக்கு?”

டாக்டர் சொல்லுவாங்க என்று சொல்ல அங்கே டாக்டர் இல்லை. அந்த முதுகு எத்தனை வருஷம் உள்ளுக்குள் வெந்து, எத்தனை காலை எழ முடியாமல் எழுந்து, கடைசியில் இறுகி அப்படியே நின்றிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள்.

“வலிச்சிருக்கும்க்கா” என்றேன். “ரொம்ப.”

அவள் தலையாட்டினாள். அழவில்லை. ஒரு கையைச் சிலுவையின் மேல் ஊன்றி, மெதுவாக, ஒவ்வொரு முழங்காலாக மடக்கி, சேற்றில் மண்டியிட்டாள். நான் தாங்கிப் பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். சிலுவையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பெயர் எழுதிய இடத்தை இரண்டாம் தடவையும் துடைத்தாள்.

“சொல்லியிருக்கலாம்ல?” என்றாள், கல்லறையைப் பார்த்து. பிறகு, நான் கேட்பதையே மறந்தவள் போல, “சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பனா” என்றாள்.

மெழுகுவர்த்தியை ஏற்றப் பார்த்தாள். இரண்டு தீக்குச்சி நனைந்து போயிற்று. நான் குடையை அவள் தலைக்கு மேலிருந்து எடுத்துக் கல்லறைக்கு மேல் பிடித்தேன். மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது. மெழுகுவர்த்தி எரிந்து முடிகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டே அங்கே இருந்தோம்.